மழை ஏமாற்றலாம், சாமை ஏமாற்றாது!
கொல்லிமலைச் சிறு விவசாயிகள் வானத்தோடு நடத்தும் போராட்டம்

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி என்று ஓர் ஊர். மலை அடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பஸ் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைந்து வளைந்து மேலே போனால் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். அதுதான் கொல்லிமலை.

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஆடி மாதத்தில் அவன் பெயரால் இங்கே விழா நடக்கிறது. ஆகாய கங்கை அருவியில் குளிக்கவும், அறப்பளீசுவரரைக் கும்பிடவும் வெளியூர் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். எங்கே பார்த்தாலும் பச்சைப் பசேல் என்று இருக்கும். "இந்த ஊர்க்காரர்களுக்கு என்ன குறை? தண்ணீர்க் கஷ்டமே இருக்காது!" என்று பேசிக்கொண்டே அவர்கள் கீழே இறங்குவார்கள்.

ஆனால், மலைமேல் மேட்டு நிலத்தில் உழுகிறவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்.

கையில் விதை, கண்ணில் வானம்

வைகாசி மாதம். கோடை மழை ஒன்று பெய்திருக்கிறது. நிலத்தை உழுதாகிவிட்டது. விதைப் பெட்டியும் கையில் இருக்கிறது. விவசாயி வானத்தைப் பார்க்கிறார்.

இன்றைக்கு விதைக்கலாமா? இன்னும் பத்து நாள் பொறுக்கலாமா?

இன்றைக்கு விதைத்து, பிறகு மழை நின்றுவிட்டால் முளைத்த பயிர் காய்ந்துபோகும். விதையும் போச்சு, உழைப்பும் போச்சு. சரி, பொறுக்கலாம் என்றால் பருவம் தள்ளிப் போகும். தள்ளிப் போனால் அறுவடை நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். முற்றிய கதிர் சாய்ந்து மணி உதிர்ந்துவிடும்.

முன்பு இந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மேகம் எந்த மூலையில் கட்டுகிறது, எந்த மரம் எப்போது பூக்கிறது என்று பார்த்து நாள் குறிப்பார்கள். இப்போதும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அடையாளங்களும் இருக்கின்றன. மழைதான் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை!

மலைக்குப் புயல் கூண்டு உண்டா?

வானத்தை நம்பிப் பிழைப்பவர் இரண்டு பேர். ஒருவர் கடலில் வலை வீசுகிறவர். இன்னொருவர் மலையில் விதை வீசுகிறவர்.

கடற்கரையில் புயல் கூண்டு ஏற்றுகிறார்கள். அதைப் பார்த்தால் நாட்டுப் படகுக்காரர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டில் இருந்துவிடுவார். அன்றைய வருமானம் போகும். ஆனால் உயிர் மிஞ்சும், படகு மிஞ்சும். கடல் அடங்கிய பிறகு மறுபடியும் போகலாம். எச்சரிக்கை போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் காட்டியது. கன்னியாகுமரிக் கரையிலிருந்து வெகு தூரம் போயிருந்த மீனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. எத்தனையோ குடும்பங்கள் தகப்பனை இழந்தன.

மலை விவசாயியின் நிலைமை என்ன? அவருக்கு உயிர் ஆபத்து அவ்வளவு இல்லை. ஆனால் அவர் இன்று போகாமல் நாளை போகலாம் என்று இருக்க முடியாது. வீசிய வலையை இழுத்துக்கொள்ளலாம். வீசிய விதையைத் திரும்பப் பொறுக்கி மூட்டை கட்ட முடியுமா? ஒரு நாள் எடுத்த முடிவோடு நாலைந்து மாதம் அவர் வாழ வேண்டும்.

ஆகவே, மலைக்காரருக்குப் பாதுகாப்பு விதைப்பதற்கு முன்பே இருக்க வேண்டும். எந்த விதையை விதைக்கிறார் என்பதுதான் அவருடைய புயல் கூண்டு. இதைக் கொல்லிமலையின் பழைய விவசாயிகள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

வானத்துக்கு என்ன ஆயிற்று?

ஆனியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை. கொல்லிமலைக்கு இரண்டிலும் பங்கு உண்டு. ஒன்று குறைந்தால் மற்றொன்று ஈடு கட்டும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள்.

2016-ம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசாங்கம் அறிவித்தது.

2024-ம் ஆண்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். நவம்பர் 30-ல் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலோரம்தானே என்று உள்நாட்டில் இருப்பவர்கள் நினைத்தார்கள். ஆனால் கடலிலிருந்து வெகு தூரத்தில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செண்டிமீட்டர் மழை கொட்டியது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. கடலில் பிறந்த புயல் மலையையும் தொட்டுவிட்டது!

ஏன் இப்படி? உலகம் முழுவதும் பூமியின் சூடு கூடிக்கொண்டே வருகிறது. நிலக்கரி, பெட்ரோல் முதலியவற்றை எரிப்பதால் வரும் புகை, வெப்பத்தை வெளியே போகவிடாமல் போர்வை போல மூடிக்கொள்கிறது. சூடான காற்று அதிகமான நீராவியைச் சுமக்கும். ஒரு டிகிரி சூடு ஏறினால் சுமார் 7 சதவீதம் அதிகமாகச் சுமக்கும் என்பது விஞ்ஞானிகள் கணக்கு. அதனால், பெய்கிறபோது கொட்டித் தீர்க்கிறது. பெய்யாதபோது நாள் கணக்கில் ஏமாற்றுகிறது.

சமவெளியில் கொட்டினால் ஏரி குளமாவது நிறையும். மலைச் சரிவில் கொட்டினால்? தண்ணீர் ஓடிவிடும். ஓடுகிறபோது மேல் மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும்.

இப்போது ரேடியோவில், டெலிவிஷனில், கைப்பேசியில் வானிலைச் செய்தி வருகிறது. நல்லதுதான். ஆனால் மலையில் ஒரு மேகம் இந்தச் சரிவில் பொழிந்துவிட்டு அந்தச் சரிவை விட்டுவிடும். மாவட்டம் முழுவதற்கும் சேர்த்துச் சொல்லும் செய்தி, ஒரு சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு எவ்வளவு உதவும்?

விதைப் பெட்டிக்குள் இருந்த காவல்

கொல்லிமலையில் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள் என்ற பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று எண்ண வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர்கள் வந்ததாக வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் இடத்தில் நெல் போட்டார்கள். மேட்டில் சாமை, கேழ்வரகு, தினை போட்டார்கள். மேட்டு நிலத்துக்கு வாய்க்கால் இல்லை, கிணறு இல்லை. மழை ஒன்றுதான் கதி.

அப்படியானால் எப்படிப் பிழைத்தார்கள்?

சாமை என்றால் ஒரே சாமை இல்லை. கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச் சாமை, திருகுலச் சாமை, பெருஞ்சாமை என்று பல ரகங்கள். கேழ்வரகிலும் கருங்குழியன், சட்டை, சுண்டங்கி என்று பல. தினையிலும் செந்தினை, பெருந்தினை, மூக்கன் தினை என்று பல. ஒரு ரகம் சீக்கிரம் விளையும். இன்னொன்று தாமதமாக விளையும். ஒன்று வெறும் கல்லாங்காட்டிலும் வரும். இன்னொன்றுக்கு நல்ல மண் வேண்டும்.

மழை நேரத்தில் வந்தால் நாள் பிடிக்கும் ரகத்தை விதைப்பார்கள். மழை தாமதமானால் சீக்கிரம் விளையும் ரகத்தை எடுப்பார்கள். கேழ்வரகை மட்டும் தனியாகப் போடாமல் கடுகு, துவரை, அவரை ஆகியவற்றையும் கலந்து விதைப்பார்கள். ஒன்று போனால் மற்றொன்று கை கொடுக்கும்.

விளைந்ததைத் தொம்பையில் கொட்டி வைப்பார்கள். தொம்பை என்பது தானியம் சேர்த்து வைக்கும் குதிர். உமியோடு இருக்கும் சிறுதானியத்தைப் பூச்சி எளிதில் தொடாது. ஆண்டுக் கணக்கில் கெடாமல் இருக்கும். ஒரு வருஷம் வானம் பொய்த்தாலும் போன வருஷத்துத் தானியம் பானையில் வேகும்.

இதற்குப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஏழை விவசாயியின் இன்ஷூரன்ஸ் அந்தத் தொம்பைக்குள்தான் இருந்தது!

சாமை போனது எப்படி?

1970-க்குப் பிறகு மலையில் ஒரு பெரிய மாறுதல் வந்தது. சேலம் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகின. ஜவ்வரிசிக்கு மரவள்ளிக் கிழங்கு வேண்டும். 1981-ல் சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்காக சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. மலைமேல் லாரி வந்தது. கிழங்கை ஏற்றிக்கொண்டு போனது. கையில் பணம் வந்தது.

விவசாயியின் கணக்கு எளிமையானது. சாமை ஏக்கருக்குச் சில நூறு கிலோதான் விளையும். மரவள்ளியோ டன் கணக்கில் கிடைக்கும். அந்தப் பணத்தில் பிள்ளையின் படிப்புச் செலவைக் கட்டலாம். ஓட்டு வீடு கட்டலாம். வைத்தியச் செலவைப் பார்க்கலாம். இதைத் தப்பு என்று யார் சொல்ல முடியும்?

அரிசியும் மேலே வந்தது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. எத்தனையோ வீடுகளில் பசியைப் போக்கிய திட்டம் அது. ஆனால் அரிசி வீட்டுக்கு வந்தபோது சாமை அடுப்பை விட்டுப் போயிற்று. திங்காத தானியத்தை யார் விதைப்பார்கள்? வருஷா வருஷம் விதைக்காவிட்டால் அந்த ரகமே மறைந்துபோகும். விதையைப் பெட்டியில் பூட்டி வைத்தால் கொஞ்ச காலத்தில் முளைப்புத் திறன் போய்விடும்.

உரல் அடித்த தாய்மார்கள்

சாமை போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஆண்களைக் கேட்டால் அதைச் சொல்ல மாட்டார்கள். பெண்களைத்தான் கேட்க வேண்டும்.

நெல்லை ஆலையில் கொடுத்தால் அரிசியாகத் திரும்பி வரும். சாமைக்கு அப்படி ஆலை இல்லை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணி. அதன்மேல் இறுகிப் பிடித்த உமி. உரலில் போட்டு உலக்கையால் இடிக்க வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடியும் இடிக்க வேண்டும். பகலெல்லாம் காட்டில் களை பறித்துவிட்டு வந்த தாய், இரவுச் சோற்றுக்காக உரலடியில் நிற்க வேண்டும். ரேஷன் அரிசி வந்தபோது அவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டதில் ஆச்சரியம் என்ன?

இதைப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. விவசாய விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் 1988-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பித்தார். அந்த நிறுவனத்தார் 1990-களில் கொல்லிமலையில் வேலை தொடங்கினார்கள். "சாமை சத்துள்ளது, பயிரிடுங்கள்" என்று பிரசங்கம் செய்தால் மட்டும் போதாது என்று கண்டார்கள். உமி நீக்கும் சிறு மெஷின்களை ஊர்களில் வைக்க உதவினார்கள். மணிக்கணக்கில் இடித்த வேலை நிமிஷக் கணக்கில் முடிந்தது. பெண்களின் சுய உதவிக் குழுக்கள் அந்த மெஷின்களை நடத்தின. சாமை அரிசி, தினை மாவு, கேழ்வரகு மால்ட் என்று பாக்கெட் போட்டு விற்கவும் கற்றுக்கொண்டார்கள்.

ஊர்களில் விதை வங்கிகளும் அமைந்தன. இதுவும் பாங்கிதான். ஆனால் பணத்துக்குப் பதில் விதை. விதைக்கும் காலத்தில் கடனாக வாங்கிக்கொள்ளலாம். அறுவடை ஆனதும் வாங்கியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிக் கொட்ட வேண்டும். முதல் விதைப்பு மழையில்லாமல் கருகிப்போனாலும் இரண்டாவது முறை விதைக்க இங்கே விதை கிடைக்கும். மழை ஏமாற்றும் காலத்தில் இதைவிடப் பெரிய உதவி வேறு என்ன?

இதே நிறுவனம் கடலோரத்தில் மீனவர்களுக்குக் கைப்பேசி மூலம் அலையும் காற்றும் எப்படி இருக்கும் என்ற செய்தியை அனுப்பும் ஏற்பாட்டையும் செய்திருக்கிறது. கடலுக்குச் செய்தி, மலைக்கு விதை. இரண்டும் வானத்தைச் சமாளிக்கும் கருவிகள்தான்.

ஒரே பயிரை நம்பினால்

மரவள்ளியும் வறட்சியைத் தாங்கும் பயிர்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லோரும் அதையே நம்பியபோது மூன்று ஆபத்துகள் சேர்ந்தன.

முதலாவது, விலை. ஜவ்வரிசி விலை இறங்கினால் கிழங்கு விலையும் இறங்கும். சாமை விலை இறங்கினால் வீட்டில் சமைத்துச் சாப்பிடலாம். லாரி லாரியாக விளைந்த கிழங்கை ஒரு குடும்பம் எவ்வளவு நாள் சாப்பிட முடியும்?

இரண்டாவது, மண். கிழங்கைத் தோண்டி எடுக்கும்போது சரிவு மண் புரண்டு இளகிவிடுகிறது. அடுத்துக் கொட்டும் மழை அதை அள்ளிப் போகிறது.

மூன்றாவது, பூச்சி. 2020-ல் ஒரு புதிய மாவுப்பூச்சி கேரளத்தில் மரவள்ளியில் காணப்பட்டது. பிறகு சேலம், நாமக்கல் பக்கம் வந்தது. வெயிலும் வறட்சியும் நீடித்தால் இந்தப் பூச்சி மளமளவென்று பெருகும். வானம் கெட்டால் பூச்சிக்குக் கொண்டாட்டம்! கடைசியில் ஆப்பிரிக்காவில் உள்ள பெனின் நாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியை 2021-ல் விஞ்ஞானிகள் வரவழைத்தார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொன்றுவிடும். 2022-ல் வயல்களில் அது விடப்பட்டது.

விஞ்ஞானம் உதவிக்கு வந்தது. ஆனால் அதற்குள் நஷ்டப்பட்டவர் நஷ்டப்பட்டதுதான்.

அரசாங்கம் என்ன செய்திருக்கிறது?

2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி, கோதுமையோடு சிறுதானியத்துக்கும் இடம் உண்டு. 2023-ம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அந்த ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டில் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது.

நல்ல ஆரம்பம்! ஆனால் ஒரு குறை இருக்கிறது. மத்திய அரசாங்கம் ஆண்டுதோறும் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. 2025-26 பட்டியலில் கேழ்வரகு குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். சோளம் இருக்கிறது, கம்பு இருக்கிறது. சாமைக்கும் தினைக்கும் தனி விலை இல்லை. வானத்தை அதிகம் தாங்கும் தானியத்துக்குத் தனி விலைத் தாங்கல் இல்லை!

இப்போது உள்ள பயிர் இன்ஷூரன்ஸ் திட்டம் 2016-ல் வந்தது. அதில் பெரும்பாலும் ஒரு வட்டாரத்தின் சராசரி விளைச்சலைப் பார்த்து நஷ்ட ஈடு கணக்கிடுகிறார்கள். மலையில் கிழக்குச் சரிவு காய்ந்திருக்கும், மேற்குச் சரிவு விளைந்திருக்கும். சராசரி போட்டால் காய்ந்தவரின் கஷ்டம் கணக்கில் மறைந்துபோகும்.

என்ன செய்யலாம்?

"எல்லோரும் மரவள்ளியைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சாமை போடுங்கள்" என்று சொல்வது சுலபம். சொல்பவர் வீட்டில் சம்பளம் வரும். கேட்பவர் வீட்டில் பிள்ளையின் படிப்புச் செலவு நிற்கும்.

விவேகமான வழி இரண்டையும் வைத்துக்கொள்வது. கைச் செலவுக்குக் கிழங்கு, மிளகு, காப்பி இருக்கட்டும். வீட்டுச் சோற்றுக்கும் கெட்ட வருஷத்துக்கும் ஒரு துண்டு நிலத்தில் சாமையோ கேழ்வரகோ இருக்கட்டும். பெரியவர்கள் பல ரகத்தைக் கலந்து விதைத்தார்கள். அந்தப் புத்தியை இந்தக் காலத்துக்குத் தகுந்தபடி நாம் பின்பற்றலாம்.

ஆனால் அந்தத் துண்டு நிலத்தை விவசாயி தன் சொந்த நஷ்டத்தில் காப்பாற்ற வேண்டும் என்று கேட்பது நியாயமல்ல. ஊருக்கு ஊர் உமி நீக்கும் மெஷின் வேண்டும். பழுதானால் உடனே சரி செய்ய ஆள் வேண்டும். விதை வங்கி வேண்டும். சாமைக்கு ஒரு விலை வேண்டும். மலையில் விளைந்ததை மலையில் உள்ள பள்ளிக்கூடச் சத்துணவுக்கும் ரேஷன் கடைக்குமே வாங்கினால் வண்டிக்கூலியும் மிச்சம், குழந்தைகளுக்குச் சத்தும் ஆயிற்று. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

நமக்கும் இதில் பங்கு உண்டு. அருவியைப் பார்க்க மலைக்குப் போகிறவர்கள் திரும்பும்போது ஒரு கிலோ சாமை அரிசி வாங்கி வரலாம். மலைக்குப் போகாதவர்கள் வாரத்தில் ஒரு நாள் வீட்டில் சாமைச் சோறோ, சாமைப் பொங்கலோ செய்யலாம். அரிசிச் சோறு வடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வித்தையல்ல.

மழை இனிமேல் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வைகாசி வந்தால் கொல்லிமலை விவசாயி மறுபடியும் விதைப் பெட்டியோடு நின்று வானத்தைப் பார்க்கத்தான் போகிறார். அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு விதை இருந்தால் அவருக்குப் பயம். ஐந்தாறு ரக விதை இருந்தால் அவருக்குத் தைரியம்.

அந்தத் தைரியத்தை அவருடைய பாட்டன் அவருக்கு வைத்துவிட்டுப் போனான். அவர் தம் பேரனுக்கு வைத்துவிட்டுப் போக முடியுமா? அதற்கான பதிலில் பாதி மலையில் இருக்கிறது. மீதிப் பாதி நம் வீட்டு அடுப்பில் இருக்கிறது!